டிரெய்லரை மாற்றும் முன் ஒரு கணக்கு

வழக்கமாக என்னிடம் விழாச் சிறப்புகளைப் பற்றியோ புராணச் செய்திகளைப் பற்றியோ எழுதச் சொல்வார்கள். இம்முறை மலர்க்குழுவினரிடம் அனுமதி பெற்று, லோரி டிரெய்லர் பற்றி எழுதுகிறேன். கோயில் மலரில் டிரெய்லருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் எண்ணலாம். கிள்ளான் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் பக்தர்களில் ஏராளம். சொந்தமாக ஒரு பிரைம் மூவரும் ஒரு டிரெய்லரும் வைத்துத் தொழில் செய்யும் இளைஞர்கள், பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் இடத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்விகளில் முதன்மையானது இதுதான்: "சார், இருக்கிற டிரெய்லருக்கு இன்னும் கடன் பாக்கி இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுப் பெரியதாக எடுக்கலாமா?"

சென்ற ஆண்டு அப்படிக் கேட்டவர் என்னிடம் தமிழ்ப்பள்ளியில் கணிதம் படித்தவர். ஒவ்வோர் ஆண்டும் ரத ஊர்வலத்திற்குத் தம் வண்டியை இலவசமாகத் தருபவர். கேள்வியோடு மட்டும் அவர் வரவில்லை. கையில் ஒரு பாரமும் இருந்தது. "சார், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போதும். புது டிரெய்லர் வந்ததும் கும்பாபிஷேக நிதிக்கு 1,001 வெள்ளி தருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் உறவினர் ஒருவரின் லோரிக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டு, 14 மாதங்கள் என் சம்பளத்திலிருந்து தவணை கட்டியவன். ஆகவே பேனாவை எடுக்கவில்லை. "தம்பி, முதலில் உட்கார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அன்று இருவரும் போட்ட கணக்கை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அவர் சம்மதத்துடன் இங்கே தருகிறேன். தொகைகளை எளிமைக்காகச் சற்றே முழுமையாக்கியிருக்கிறேன்.

பாதி தவணை கட்டினால் பாதி கடன் தீருமா?

அவருடைய பழைய டிரெய்லர் இரண்டு அச்சு கொண்டது; கொள்கலன் ஏற்றுவது. விலை 80,000 வெள்ளி. முன்பணம் 8,000 போக, கடன் 72,000. வட்டி ஆண்டுக்கு 4.5 விழுக்காடு, 5 ஆண்டுகள். இதில் வட்டி முழுக் கடன் தொகைக்கும் முழுக் காலத்திற்கும் போடப்படுகிறது. 72,000க்கு 4.5 விழுக்காடு 3,240. ஐந்து ஆண்டுக்கு 16,200. ஆக மொத்தம் 88,200. அதை 60 மாதங்களால் வகுத்தால் மாதத் தவணை 1,470.

மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு அசலுக்கே நிற்பதால், 4.5 என்று காகிதத்தில் எழுதியிருப்பது உண்மையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 8.3 விழுக்காட்டு வட்டிக்குச் சமம். பலர் கவனிக்காத முதல் செய்தி இது.

அவர் 30 தவணைகள் ஒழுங்காகக் கட்டியிருந்தார். "பாதி முடிந்துவிட்டது சார், அசல் 36,000 தான் பாக்கி இருக்கும்" என்றார். நிதி நிறுவனத்திலிருந்து தீர்வுத் தொகைக் கடிதம் வாங்கிவரச் சொன்னேன். வந்த தொகை 39,984 வெள்ளி. தம்பியின் முகம் வாடிவிட்டது. நிறுவனம் தவறாகக் கணக்கிடவில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் இருந்த முறையே அதுதான்.

அந்த முறைக்கு '78 விதி' என்று பெயர். ஒன்று முதல் பன்னிரண்டு வரையுள்ள எண்களைக் கூட்டிப் பாருங்கள், 78 வரும். ஓராண்டுக் கடனில் முதல் மாதத்தில் மொத்த வட்டியின் 78 பங்கில் 12 பங்கும், இரண்டாம் மாதத்தில் 11 பங்கும், இப்படியே குறைந்து கடைசி மாதத்தில் ஒரு பங்கும் கழிக்கப்படும். அதாவது முன்பகுதியில் வட்டி அதிகம், பின்பகுதியில் குறைவு. 60 மாதக் கடனுக்கு ஒன்று முதல் 60 வரை கூட்டினால் 1,830. பாக்கி 30 மாதங்களுக்கு ஒன்று முதல் 30 வரை கூட்டினால் 465. எனவே முன்கூட்டியே கடனைத் தீர்த்தால் கிடைக்கும் வட்டித் தள்ளுபடி, 16,200 வெள்ளியில் 1,830க்கு 465 பங்கு. அதாவது 4,116 வெள்ளி. பாக்கித் தவணைகள் 44,100லிருந்து இதைக் கழித்தால் 39,984. பாதிக் காலத்தில் வட்டியில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கைக் கட்டிவிட்டோம். அசலோ பாதிகூடத் தீரவில்லை.

ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இதே முறை இருக்கும் என்று கொள்ள வேண்டாம். உங்களுடையதில் எந்த முறை என்று படித்துப் பார்த்து, தீர்வுத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்க்கணக்கு உதவாது.

சிறிய தவணை, பெரிய கடன்

டிரெய்லர் வியாபாரி பழையதற்கு 34,000 தருவதாகச் சொல்லியிருந்தார். தீர்க்க வேண்டியதோ 39,984. துண்டு விழுவது ஏறக்குறைய 6,000 வெள்ளி. "அதைப் பற்றிக் கவலை வேண்டாம், புதுக் கடனில் சேர்த்துவிடலாம்" என்பது வியாபாரியின் வாக்கு. புதியது மூன்று அச்சு; கொள்கலனும் ஏற்றலாம், இரும்புச் சரக்கும் ஏற்றலாம். விலை 110,000. முன்பணம் 10,000. மீதி 100,000உடன் துண்டு விழுந்த 6,000 சேர்ந்து, புதுக் கடன் 106,000. வட்டி 5 விழுக்காடு, 7 ஆண்டுகள். வட்டி மட்டும் 37,100. மொத்தம் 143,100. மாதத் தவணை 1,704.

"பார்த்தீர்களா சார், மாதம் 234 வெள்ளிதான் கூடுதல்!" என்றார் தம்பி. ஆசை கண்ணை மறைக்கும் இடம் இதுதான். 1,470க்கும் 1,704க்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கிறோம். 30 மாதங்களுக்கும் 84 மாதங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பழைய டிரெய்லரை வைத்துக்கொண்டால் இன்னும் 44,100 கட்டினால் அது அவருடைய சொத்து. மாற்றினால் முன்பணத்தோடு சேர்த்து 153,100 கட்ட வேண்டும். வேறுபாடு 109,000 வெள்ளி.

மேலும் அந்த 6,000 வெள்ளித் துண்டுக்கும் 7 ஆண்டு வட்டி 2,100 உண்டு. கையை விட்டுப் போய்விட்ட டிரெய்லருக்காக 8,100 வெள்ளி கட்டிக்கொண்டிருப்போம்.

இந்தத் துண்டை மறைப்பதற்காகப் புது டிரெய்லரின் விலையை உயர்த்திப் பற்றுச்சீட்டு எழுதும் பழக்கமும் சிலரிடம் உண்டு. பொய்யான விலைக்குக் கையெழுத்திட வேண்டாம். பின்னர் விபத்தில் டிரெய்லர் முற்றாக அழிந்தாலோ காணாமற்போனாலோ, சந்தை மதிப்புக்குச் செய்த காப்புறுதி அந்த மதிப்பைத்தான் தரும். கடன் அதைவிட அதிகமாக இருந்தால், டிரெய்லரும் இன்றிக் கடனும் நம் தலைமேல் நிற்கும்.

முன்பணம் 10,000 எங்கிருந்து வரும் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்டில் நகை இருக்கிறது சார்" என்றார். உரிமம் பெற்ற அடகுக்கடையில் மாதத்திற்கு நூற்றுக்கு 2 வெள்ளி வரை வட்டி வாங்கலாம். 10,000க்கு மாதம் 200 வெள்ளி. அப்படியானால் கூடுதல் சுமை 234 அன்று, 434. நகையை மீட்கும் அசலோ தனி.

புது டிரெய்லர் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்?

செலவை மட்டும் பார்த்து வேண்டாம் என்பது கணக்காகாது. தொழிலில் முதல் போட்டால்தான் வருமானம். ஆகவே எதிர்ப்பக்கத்தையும் எழுதினோம்.

109,000 வெள்ளியை 84 மாதங்களால் வகுத்தால் மாதத்திற்கு 1,298. பழைய டிரெய்லருக்கு மாதம் சராசரி 500 வெள்ளி பழுதுச் செலவு, புதியதற்கு 150 என்று வைத்தோம். மிச்சம் 350. ஏழு ஆண்டுகள் கழித்துப் புதியதை விற்றால் 30,000, பழையதை விற்றால் 10,000 கிடைக்கும் என்று வைத்தோம். அந்த 20,000 வேறுபாட்டை மாதக்கணக்கில் பார்த்தால் 238. ஆக 1,298லிருந்து 350ஐயும் 238ஐயும் கழித்தால் 710. டீசல், டோல், இதர செலவு போக ஒரு நடைக்கு அவர் கையில் நிற்பது 120 வெள்ளி. எனவே புது டிரெய்லர் மாதம் 6 நடை கூடுதலாகப் பெற்றுத் தந்தால்தான் இப்போதைய நிலைக்குச் சமமாகும். அதற்கு மேல் வருவதே லாபம்.

"ஆறு நடை என்ன சார், எளிதாகக் கிடைக்கும்" என்றார். "எளிது என்பது எண் ஆகாது. ஒரு மாதம் குறிப்பேட்டில் எழுதி வா" என்றேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவர், இந்த வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தார். மாத முடிவில் பார்த்தோம். டிரெய்லர் பொருந்தாததால் கைவிட்ட நடை 2. ஆனால் கொள்கலன் கிடங்கிலும் துறைமுகத்திலும் அரை நாளுக்கு மேல் காத்துக்கிடந்த நாட்கள் 9. அவர் வருமானத்தைத் தடுத்தது பழைய டிரெய்லர் அன்று, காத்திருப்புதான். புது டிரெய்லர் வாங்கினாலும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இரும்புச் சரக்கு தருவதாகச் சொன்ன முகவரிடம் மாதம் எத்தனை நடை, எத்தனை நாளில் பணம் என்று எழுதித் தரக் கேட்கச் சொன்னேன். கடிதம் வரவில்லை. வேலை செய்த பணம் இரண்டு மூன்று மாதம் தாமதித்து வருவது இத்தொழிலில் சாதாரணம். தவணை நாள் தாமதிப்பதில்லை. மூன்று மாதத் தவணையாவது, அதாவது 5,112 வெள்ளி, கையிருப்பில் இல்லாமல் இத்தகைய கடனில் இறங்கக் கூடாது.

இன்றைய செலவே ஏழு ஆண்டுக்கும் நிற்கும் என்றும் நம்பக் கூடாது. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 2.15லிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளியாக உயர்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. உதவித்தொகை அட்டை பெற்றிருந்த சரக்கு வாகனங்கள் 2.15க்கு வாங்கின, அட்டை இல்லாதவர்கள் தவித்தார்கள்.

அச்சு கூடினால் பாரம் கூடுமா?

மூன்று அச்சு டிரெய்லர் வாங்கிவிட்டால் இஷ்டம்போல் ஏற்றலாம் என்ற எண்ணமும் தவறு. எவ்வளவு ஏற்றலாம் என்பது டிரெய்லரை மட்டும் பொறுத்ததன்று. இழுக்கும் பிரைம் மூவரின் அச்சுகளையும், பத்திரங்களில் 'பிடிஎம்', 'பிஜிகே' என்று குறிக்கப்பட்டுள்ள அனுமதிக்கப்பட்ட எடைகளையும் பொறுத்தது. பிரைம் மூவர் தாங்காவிட்டால் மூன்றாவது அச்சு நமக்கு வெறும் கூடுதல் டயர்ச் செலவுதான். வாங்கும் முன்பே இதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும், உரிமம் குறித்துத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவணை நெருக்கும்போது அளவுக்கு மீறி ஏற்றும் ஆசை வரும். 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி கலகத் தடுப்புப் போலீஸ் வண்டியோடு மோதி 9 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. நம் தொழில் சாலையில் நடக்கிறது. அந்தச் சாலையில் பிறர் பிள்ளைகளும் வருகிறார்கள்.

அதே சமயம், பழையதை வைத்துக்கொள்வது என்றால் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். டிரெய்லருக்கு இயந்திரம் இல்லை. ஆகவே நன்றாகப் பராமரித்தால் பிரைம் மூவரைவிட நீண்ட நாள் உழைக்கும். சட்டத்தில் வெடிப்பு, பிரேக், வில்பட்டை, காற்றுக் குழாய், கொள்கலனைப் பூட்டும் ட்விஸ்ட் லாக், பின்விளக்கு ஆகியவற்றை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். கிங் பின் புதிதாக இருக்கும்போது 50.8 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குலக் கனம். அதன் தேய்மானத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். முதன்மைச் சட்டம் வெடித்துவிட்டால் மட்டும் மேற்சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. அந்த டிரெய்லரைச் சாலையில் ஓட்டக் கூடாது.

பிணைக் கையெழுத்துப் போடுவோர் கவனத்திற்கு

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் எல்லா வண்டிகளையும் காக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அச்சட்டத்தின் அட்டவணையில் சரக்கு வாகனம் என்பது பாரத்தோடு சேர்த்து 2,540 கிலோவுக்கு மேற்படாததைத்தான் குறிக்கிறது. கார் வாங்கியவருக்கு, வண்டியைப் பறிமுதல் செய்யும் முன் 21 நாள் அறிவிப்பு போன்ற பாதுகாப்புகளை அச்சட்டம் தருகிறது. பெரிய டிரெய்லருக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஆகவே அதை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

அவ்வாறே, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் திவால் சட்டத்தில் 'சமூகப் பிணையாளர்' என்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. லாப நோக்கமின்றிக் கல்விக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ, சொந்த உபயோக வாகனத்துக்கோ பிணை நிற்பவரே அவர். தொழிலுக்கான லோரிக்கும் டிரெய்லருக்கும் பிணை நிற்பவர் அந்த வகையில் சேரமாட்டார். மனைவியையோ மாமனாரையோ கையெழுத்திடச் சொல்லும் முன் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

காத்திருப்பதன் கணக்கு

"அப்படியானால் என்றைக்குமே மாற்றக் கூடாதா சார்?" என்று தம்பி கேட்டார். ஓராண்டு கழித்து எப்படி இருக்கும் என்று போட்டுப் பார்த்தோம். 42 தவணைகள் முடிந்தபின் தீர்வுத் தொகை 24,946. அப்போது டிரெய்லரின் விலை 29,000க்கு இறங்கியிருந்தாலும், 6,000 துண்டு விழுவதற்குப் பதில் 4,054 வெள்ளி கையில் நிற்கும். கூடுதலாகக் கட்டத் துணிந்த அந்த 434 வெள்ளியை மாதாமாதம் தனியே சேர்த்தால் 12 மாதத்தில் 5,208. இரண்டும் சேர்ந்து 9,262. நகையை அடகு வைக்காமலே முன்பணம் ஏறக்குறைய வந்துவிட்டது!

திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில், அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, பின்னர் விளைவது எவ்வளவு என்று மூன்றையும் எண்ணிச் செய்யச் சொல்கிறார். நாங்கள் செய்ததும் அவ்வளவுதான்.

மாற்றுவதே சரியாக இருக்கும் நேரமும் உண்டு. நம் பக்தர் ஒருவருக்குத் தொழிற்சாலையிலிருந்து மூன்று ஆண்டுச் சரக்கு ஒப்பந்தம் எழுத்தில் கிடைத்தது. பழைய டிரெய்லரின் விலையும் பாக்கிக் கடனைவிட அதிகமாக இருந்தது. அவர் தயங்காமல் மாற்றினார், நன்றாக இருக்கிறார். ஆகவே, கையெழுத்திடும் முன் கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் எழுதிப் பார்க்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. இன்று கடனைத் தீர்க்க எவ்வளவு? கடிதம் எந்த நாள் வரை செல்லும்?
2. பழைய டிரெய்லருக்கு இரண்டு மூன்று இடங்களில் கேட்ட விலை என்ன? துண்டு விழுகிறதா, மிஞ்சுகிறதா?
3. மாதத் தவணை அன்றி, கடைசி வரை கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு?
4. மாதம் எத்தனை நடை கூடுதலாக வேண்டும்? அதற்கு எழுத்தில் உறுதி உண்டா?
5. என் பிரைம் மூவரும் உரிமமும் புது டிரெய்லருக்கு ஏற்றவையா?
6. மூன்று மாதத் தவணை கையிருப்பில் உள்ளதா?
7. பழைய கடனை வியாபாரி நேரடியாக நிதி நிறுவனத்தில் கட்டி, உரிமைக் கோரிக்கை நீக்கப்பட்டதற்குச் சான்று தருவாரா? சான்று வரும்வரை அந்தக் கடன் நம் பெயரில்தான் இருக்கிறது.

அந்தத் தம்பி காத்திருக்க முடிவு செய்தார். பழைய டிரெய்லருக்குப் பிரேக் லைனிங்கும் நான்கு டயர்களும் மாற்றினார். கிடங்கு முகவரிடம் பேசி, விடியற்காலை நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டதில் காத்திருப்பும் ஓரளவு குறைந்தது. நான் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அவருக்கு என்மேல் சில வாரங்கள் வருத்தம் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

1,001 வெள்ளி வேண்டுதலைப் பற்றியும் அவர் கேட்டார். செயலவை உறுப்பினனாக நன்கொடையை வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிதன்று. திருப்பணி நிதிக்கு ஒவ்வொரு வெள்ளியும் தேவை. ஆனாலும் கடன் வாங்கிய பணத்தில் காணிக்கை செலுத்த முருகன் கேட்கவில்லை என்றே சொன்னேன். அவர் அன்னதானத்திற்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினார். இவ்வாண்டு ரத ஊர்வலத்தில் மின்விளக்குகளுக்கான ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ரதத்தின் பின்னே வந்தது அதே இரண்டு அச்சு டிரெய்லர்தான். அவர் மனைவி கழுத்தில் நகையோடு பால்குடம் ஏந்தி வந்தார்.

உழைத்துப் பிழைக்கும் நம் பிள்ளைகளின் தொழில் செழிக்கவும், அவர்கள் குடும்பங்கள் கடன் தொல்லையின்றி வாழவும் எம்பெருமான் அருள்புரிவானாக.